கையால் கட்டிய வீடு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் வன்னியில் வீடு கட்டின கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டபோது நான் மறுத்தேன். இந்தக் கல்லூரி வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் பேராசிரியர்களையும் உருவாக்கியிருக்கிறது. அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், நான் தோட்டம் செய்கிற மனுஷி என்றேன். "அக்கா, எங்கட பழைய மாணவிகளில் கப்பு நட்டவ நீங்கள் ஒருவர்தான்" என்றார் அந்தத் தங்கை. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் வகுப்பில் வெள்ளவத்தைக் கூட்டம், கொட்டாஞ்சேனைக் கூட்டம் என்று இரண்டு இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் வெள்ளவத்தை. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரெயில் பாதை, அதற்கப்பால் கடல். வீடு என்றால் வாடகைக்கு எடுப்பது, சுண்ணாம்பு அடிப்பது, ஓடு உடைந்தால் வீட்டுக்காரருக்குச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியும். அது எதன்மேல் நிற்கிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

1977 ஆவணியில் கலவரம் வந்தது. திருமணமாகி ஆறு மாதம். எல்லோரையும் போல நாங்களும் அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அடுத்த வருடம், என் கணவரின் மாமா கிளிநொச்சிப் பக்கத்தில் வைத்திருந்த மூன்று ஏக்கர் காணியில் குடியேறினோம். காடு பாதி, பற்றை பாதி. ஒரு கிணறு, ஒரு பசுமாடு, இரவல் மண்வெட்டி இரண்டு. முதல் மாரியைச் செத்தை கட்டிய ஒரு கொட்டிலுக்குள் கழித்தோம்.

அந்தக் காலத்தில் எங்களைப் போலப் பலர் அந்த மண்ணுக்கு வந்தார்கள். மலையகத்தில் அடிபட்டு வந்த குடும்பங்களை வவுனியாப் பக்கத்தில் காந்தீயம் அமைப்பு குடியேற்றியது. கட்டடக் கலைஞர் டேவிட் அவர்களும் மருத்துவர் இராஜசுந்தரம் அவர்களும் அதை நடத்தினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தனக்கென்று ஒரு சுவர் இல்லாதிருந்த பெண்கள் மண் குழைத்துத் தங்கள் வீட்டுச் சுவரைத் தாங்களே எழுப்பினார்கள். இவர்களால் முடியுமென்றால் என்னாலும் முடியும் என்று எனக்குத் துணிவு வந்தது.

எங்களுக்கு வழிகாட்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வயதான தச்சாசாரியார். கூலிக்கு நெல் தருவதாகப் பேச்சு. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "நான் காட்டித் தருவன். வெட்டுறதும் தூக்குறதும் நீங்கள். பிள்ளையும் சேர்ந்து செய்யவேணும்." பிள்ளை என்றது என்னை.

எங்கள் ஊர் மர வீட்டின் அமைப்பு இதுதான். நிமிர்ந்து நிற்பது கப்பு. கப்புகளின் தலையில் படுப்பது வளை. சுவருக்குச் சுவர் குறுக்கே இழுத்துப் பிடிப்பது தீராந்தி. உச்சியில் முகட்டு வளை. அதிலிருந்து இரு பக்கமும் இறங்குவது பனங் கைமரம். அதன்மேல் சிலாகை, அதற்கு மேல் கிடுகு. கூரையின் பாரம் முழுவதையும் இந்த எலும்புக்கூடு சுமக்கும். கப்புக்கும் கப்புக்கும் இடையில் வரிச்சுக் கட்டி மண் அடைத்தால் அதுதான் சுவர். மண் கரைந்து விழுந்தாலும் வீடு விழாது.

24 அடி நீளம், 12 அடி அகலம். நீளப் பக்கங்களில் நான்கு நான்காக எட்டுக் கப்பு, முகட்டைத் தாங்க இரண்டு, மொத்தம் பத்து. நிலத்தில் மூலை பிடிக்கிற அன்று ஆசாரியார் ஒரு கயிற்றை எடுத்து, 3 முழம், 4 முழம், 5 முழம் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். இதே முக்கோணத்தை நான் இங்கே மேல்மாடி வகுப்பறையில் பைதகரசின் தேற்றம் என்று பாடமாக்கி, சோதனை முடிந்த மறுநாளே மறந்திருந்தேன். ஆசாரியாருக்குப் பைதகரஸ் யாரென்று தெரியாது. எனக்குத் தேற்றம் தெரியும், அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது.

மரத்தைப் பற்றி அவர் சொன்னவற்றை இன்றும் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பனையில் வைரம் வெளிப்பக்கம், சோறு உள்ளே. மற்ற மரங்களில் வைரம் நடுவில், வெள்ளை வெளியே. ஆகவே பனையை வெளிப்புறம் பார்த்துப் பிளக்க வேண்டும், பாலையையும் முதிரையையும் வெள்ளை சீவி எடுக்க வேண்டும். முதிர்ந்த பெண் பனைதான் கூரைக்கு நல்லது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலாவோடு பெண் பனையையும் சேர்த்திருக்கிறது. அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. ஊரார் அறிந்திருந்த அதன் அருமை சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது.

கூரையைக் கட்டும்போது ஆசாரியார் 1964 மார்கழிப் புயலைப் பற்றித்தான் பேசினார். காற்று கூரையை அமுக்காது, தூக்கும் என்பார். ஒவ்வொரு கைமரத்தையும் வளையோடு கட்டி, வளையைக் கப்போடு கட்டச் செய்தார். ஒரு கட்டைக்கூட அவிழ்த்துப் பார்க்காமல் விடவில்லை.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். பத்துக் கப்பும் வைரப் பாலையாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆறுக்குத்தான் காசு இருந்தது. மீதி நான்குக்கு வெள்ளை கூடிய மரத்தை மலிவாக வாங்கலாம் என்று சொன்னவள் நான். அடியைச் சுட்டுக் கரியாக்கி, கழிவு எண்ணெய் பூசி நட்டோம். நாலாம் வருடம், மூத்தவன் ஒரு கப்பைப் பிடித்து ஊஞ்சலாடியபோது அது அசைந்தது. நிலத்தோடு வெட்டிப் பார்த்தால் உள்ளே கறையான் மண். நான்கும் போய்விட்டன.

ஆசாரியார் ஏசவில்லை. வளைக்கு முட்டுக்கொடுத்து, உக்கிய அடிகளை ஒன்றரை அடி உயரத்தில் அறுத்து, கீழே கல் வைத்தார். பிறகு மற்ற ஆறையும் அப்படியே செய்தோம். ஆனால் நிலத்தில் நட்ட கப்பு தானாக நிற்கும். கல்லின்மேல் வைத்த கப்பு காற்றுக்குச் சாயும். அதனால் ஒவ்வொரு மூலையிலும் கப்பிலிருந்து வளைக்குச் சாய்வாகக் கைச்சட்டம் கொடுத்து, கழுந்து வைத்துத் துளையில் இறுக்க வேண்டியிருந்தது. அந்தத் துளைகளில் பாதி நான் உளியால் எடுத்தவை. கை கொப்பளித்தது. ஆனால் அன்று வீடு எனக்கு விளங்கியது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒஸ்லோவில் இருக்கும் என் தோழி என்னை நோர்வேயின் உர்னெஸ் மரத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள். 12 ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1979 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே முன்பிருந்த தேவாலயத்தின் கப்புகள் நிலத்தில் நடப்பட்டவை, அவற்றின் குழிகளைத் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். பிந்தியவர்கள் மரத்தை மண்ணிலிருந்து தூக்கிக் கல்லின்மேல் வைத்தார்கள். சாயாமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார்கள். எண்ணூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது. என் தோழி ஓவியங்களையும் செதுக்கல்களையும் பார்த்தாள். நான் கப்பின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரொறன்ரோவிலிருந்து வந்த தங்கைமாரே, உங்கள் வீடுகளும் அப்படித்தான். வெளியே செங்கல் தெரிந்தாலும் உள்ளே 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச் சட்டம்தான் பாரம் சுமக்கிறது.

எங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தோம். இரணைமடுத் தண்ணீரில் நெல், மேட்டில் மிளகாயும் உழுந்தும், வேலியில் முருங்கை, பால், முட்டை. உப்பு, சீனி, மண்ணெண்ணெய், துணி தவிரக் கடைக்குப் போனது குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடுகு பின்னி வேய்வோம். தைப்பொங்கலுக்கு முன் சாணமிட்டு மெழுகுவோம். சொகுசான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். பாம்பு இருந்தது, மலேரியா இருந்தது, நான் அழுத இரவுகளும் இருந்தன.

1996 இல் இடம்பெயர்ந்தோம். திரும்பினோம், திருத்தினோம். 2008 இல் மறுபடி. 2010 இல் நான் பிள்ளைகளோடு திரும்பினேன். என் கணவர் எங்களோடு திரும்பவில்லை. அதைப் பற்றி இன்று பேசமாட்டேன்.

காணியில் வீடு இல்லை. கப்பு, வளை, தீராந்தி ஒன்றும் இல்லை. பதுங்குகுழிக்கோ அடுப்புக்கோ போயிருக்கும். பற்றையை வெட்டியபோது பத்துக் கல்லும் இருந்த இடத்தில் இருந்தன. நானும் மகனும் கயிறு பிடித்துப் பார்த்தோம். மூலை சரியாக இருந்தது. அந்தக் கற்களின்மேல்தான் மறுபடி கொட்டில் போட்டோம்.

2012 இல் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, கட்டக் கட்டப் பகுதி பகுதியாகக் காசு, கட்டுவிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளுக்குப் பெண்களே தலைவிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயது இருபத்தாறு, இரண்டு குழந்தைகள். மேசன் அத்திவாரம் வெட்டியதும் என்னிடம் ஓடி வந்தாள்: "அம்மா, ஏதோ கோணலாத் தெரியுது. கேட்டா, உனக்கென்ன தெரியும் எண்டு ஏசுறார்." பன்னிரண்டு முழக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். அவளையே பிடிக்கச் சொன்னேன். ஒரு மூலை நன்றாக விலகியிருந்தது. மேசன் ஒன்றும் பேசாமல் திருத்தி வெட்டினார். அதன் பிறகு சீமெந்து மூட்டை எத்தனை, கம்பி எத்தனை என்று அவள் எண்ணத் தொடங்கினாள். அடுத்த ஒழுங்கைப் பெண்கள் அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவளிடம் இன்று அந்தக் கயிறு இருக்கிறது.

பின்னர் 2015, 2016 இல், வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பூட்டித் தருவதாக ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. காற்றோட்டம் போதாது, அத்திவாரம் போதாது, விறகடுப்புக்கு வசதியில்லை என்று பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் அந்த உருவில் நிறைவேறவில்லை. வீடில்லாதவர் எதையும் வேண்டாம் என்று சொல்வது சுலபமல்ல. தகரக் கொட்டிலில் இருந்தவர்கள் சிலர் ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு மனதில் உறுத்தியது வேறு. பூட்டித் தந்த வீடு பழுதானால் எந்தப் பெண்ணுக்கு அதைத் திறந்து திருத்தத் தெரியும்? மகள் கலியாணம் முடித்தால் ஒரு பத்தி இறக்க முடியுமா? மண் வீடானாலும் கல் வீடானாலும், தான் நின்று கட்டிய வீட்டைத்தான் ஒருத்தி திருத்தவும் கூட்டவும் துணிவாள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் தாராளமானது. வெளிநாட்டுக் கிளைகள் வருடா வருடம் வீடு கட்டக் காசு அனுப்புகின்றன. அந்தக் காசில் கட்டிய வீடுகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், கை கூப்புகிறேன். இந்த நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை நம் கல்லூரிக்குள் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பழைய வகுப்பறை போதும். சில உளி, வாள், சீவுளி, மூலைமட்டம், தூக்குக் குண்டு, ஒரு நல்ல ஆசாரியார், வாரத்தில் ஒரு பாடவேளை. மனையியலில் எங்களுக்குச் சமைக்கவும் தைக்கவும் படிப்பித்தீர்கள். அந்தக் குசினியின் கூரை எதில் நிற்கிறது என்பதையும் இனி வரும் பிள்ளைகளுக்குப் படிப்பியுங்கள். அவர்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அது வீணாகாது.

முதல் வகுப்புக்கு நானே வருகிறேன். கயிறு நான் கொண்டு வருவேன்.