மலையிறங்கும் முன் குறிக்க வேண்டிய எண்



கல்வராயன் மலைப் பள்ளியில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் இயங்காவிட்டால், டிரைவர் தேடி வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறோம். பொருந்தாத டிரைவரோடு திரும்பினால் ஒரு நாள் வீண். பிள்ளைகளின் கணினி வகுப்பும் வீண்.

ஆகவே ஒன்றை வலியுறுத்துகிறேன். அட்டைப்பெட்டியில் உள்ள கம்பெனிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடல் அடாப்டருக்குள்ளும் வெவ்வேறு சிப் இருக்கலாம். டிரைவர் சிப்புக்கு உரியது.

சிப்பைக் காட்டுபவை இரண்டு எண்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறியுள்ள சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குச் சென்று, ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். விஐடி, பிஐடி என்பவற்றை அடுத்து நான்கு நான்கு குறியீடுகள் இருக்கும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் போதும். விஐடி 0பிடிஏ என்றால் ரியல்டெக் நிறுவனம். அத்துடன் பிஐடி 8179 என்றால் ஆர்டிஎல் 8188இயூ வகைச் சிப். இவற்றோடு விண்டோஸ் பதிப்பையும், 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

செல்போனில் சிக்னல் இருந்தால் இறங்கவே வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், வைஃபை டிரைவர் இல்லாமலே கணினிக்கு இணையம் கிடைக்கும்.

அந்த எண்களை ஆய்வகப் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள். நாம் மாறுதலில் சென்றாலும் வகுப்பு நிற்காது.