பிள்ளை செய்ததை எழுதுங்கள்

(பெற்றோர் கூட்டமொன்றில் நெடுந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கட நெடுந்தீவுப் பிள்ளை கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போவதென்றால், படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், அதற்குப் பிறகுதான் கொழும்புப் பயணம். உங்கட பிள்ளை மலை இறங்க வேண்டும். கஷ்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். 1980இல் தொடங்கிய நிறுவனம் அது. பயிலிளவல் அதிகாரியாகத் தெரிவாகும் பிள்ளைக்குப் படிப்பு இலவசம், சம்பளமும் உண்டு. ஆகவே போட்டி கடுமை. உயர்தரப் பெறுபேறு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை, நேர்முகம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், இன்றைக்கே பேசிப் பழக வேண்டும்.

“தலைமைத்துவப் பண்பு உண்டு” என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். அதை விடுங்கள். அம்மா விடியப் பெரட்டுக்குப் போன பிறகு, தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பிந்தாமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை அதை எழுதட்டும். கடல் கொந்தளித்து ஆசிரியர்கள் வராத நாளில் சின்ன வகுப்பைப் பார்த்துக்கொண்ட தீவுப் பிள்ளை அதை எழுதட்டும். லயத்து வாழ்க்கையை மறைக்க வேண்டாம். செய்யாததை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுப் போவோம்.

அடுத்தது பத்திரங்கள். 1990களின் இடப்பெயர்வில் எங்கட சனம் பலர் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து அலைந்தார்கள். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பரீட்சைக்கு முதலே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்துங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் சரிவராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படித்து முடித்தவர் முப்படையில் ஒன்றில் சேவை செய்தே ஆகவேண்டும். இடையில் விலகினால் பணம் கட்ட நேரும். ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன எங்கட சனம் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவு மறக்கவில்லை. சீருடை வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் அங்கே உண்டு. போகட்டும் என்பவர்களும் உண்டு. இரண்டும் குற்றமில்லை. வறுமைக்காகப் பிள்ளையைத் தள்ளிவிடவும் வேண்டாம், பயத்துக்காகத் தடுக்கவும் வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். மற்ற அரச பல்கலைக்கழகங்களில் மகாபொல உதவியும் இருக்கிறது.

எந்த வாசலானாலும், பிள்ளை தன் சொந்தக் கதையோடு தலை நிமிர்ந்து போகட்டும்.