பெருங்கூட்டம் தாங்கும் சேவையகம்

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் வாழும் தமிழ் மக்கள் அனைவரும் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. பொங்கல் நெருங்குகின்றது. ஊர் செல்லும் வண்டிகளில் இடம் இல்லை. எஞ்சியிருப்பது தத்கால் முறை ஒன்றே. பயணத்திற்கு முதல் நாள் காலை 10 மணிக்குக் குளிர்வசதிப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு ஏனைய பெட்டிகளுக்கும் பதிவு தொடங்குகின்றது. அந்நேரத்தில் நாடெங்கிலும் எண்ணற்ற மக்கள் ஒரே கதவைத் தட்டுகின்றனர். சிலருக்குச் சீட்டுக் கிடைக்கின்றது. பலருக்குத் திரையில் சுழலும் வட்டமே கிடைக்கின்றது.

அக்கதவுக்குப் பின்னால் நிகழ்வது யாது? இத்தகைய கூட்டத்தைத் தாங்க வல்ல கணினிச் சேவையகத்தை எங்ஙனம் தேர்ந்தெடுப்பது? இவை பயணிகளுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் கணினித் தொழில் செய்வோர் பலர். ஒரு மருத்துவமனைக்கோ, கூட்டுறவு வங்கிக்கோ, தேர்வு முடிவுகளை வெளியிடும் பல்கலைக்கழகத்திற்கோ இவ்வகைத் தளத்தை அமைக்கும் பொறுப்பு அவர்களிடம் வரக்கூடும். ஆதலின் இப்பொருளைச் சற்று விரிவாகவே காண்போம்.

நம் கைபேசி அனுப்பும் வேண்டுகோளைப் பெற்று, ஆய்ந்து, விடை தரும் மென்பொருளையே பயன்பாட்டுச் சேவையகம் என்கிறோம். எந்த வண்டியில் எத்தனை இடம் என்னும் கணக்கு அதனிடம் இல்லை. அக்கணக்கு, பின்னாலுள்ள தரவுத்தளத்தில் இருக்கின்றது. சேவையகம் கேட்கின்றது, தரவுத்தளம் சொல்கின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொண்டால் பாதி ஐயம் தீரும்.

இதனை விளக்க நமது திருமணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். இலை ஒன்றுக்குப் பரிமாறுபவர் ஒருவர் என்று நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? விருந்தினர் சோற்றைப் பிசைந்து உண்ணும் நேரமெல்லாம் அவர் வாளா நிற்பார். நூறு பேருக்கு இது ஒருவாறு நடக்கும். பதினாயிரம் பேருக்கு நடவாது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய அப்பாச்சி என்னும் சேவையகம் தொடக்கத்தில் இம்முறையையே கையாண்டது. வந்த ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறை அதில் ஒதுக்கப்பட்டது. ஒரே பொறி ஒரே நேரத்தில் பதினாயிரம் இணைப்புகளை எவ்வாறு தாங்கும் என்னும் வினாவை 1999இல் டான் கெகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எழுப்பினார். அவ்வினா இத்துறையில் பெரும் மாற்றத்தைத் தூண்டிற்று.

நம் பந்திகளில் நிகழ்வது வேறு. ஒருவர் சாம்பார் வாளியுடன் வரிசை முழுதும் நடக்கின்றார். வேண்டியவருக்கு வார்க்கின்றார், எவர் இலையருகிலும் காத்து நிற்பதில்லை. இகோர் சிசோயெவ் என்னும் உருசியப் பொறியாளர் 2004இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ் சேவையகமும், 2009இல் ரையன் டால் அறிமுகப்படுத்திய நோட் தளமும் இந்நெறியில் இயங்குகின்றன. இதில் சிறு குறை ஒன்று உண்டு. பரிமாறுபவரை ஒரு பெரியவர் பிடித்து வைத்துக்கொண்டு நெடுங்கதை பேசினால் வரிசை முழுதும் காத்திருக்க வேண்டும். அதுபோல, நீண்ட கணக்கீடு ஒன்று குறுக்கிட்டால் நோட் தளத்தில் ஏனையோர் யாவரும் தடைப்படுவர்.

மூன்றாவது முறையும் உண்டு. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கு முதலியோர் தொலைபேசி இணைப்பகங்களுக்கென எர்லாங் மொழியை உருவாக்கத் தொடங்கினர். ஓர் அழைப்பு அறுந்தால் மற்றோர் அழைப்பு அறுதல் கூடாது என்பது அவர்தம் தேவை. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் மிகச் சிறிய செயல்முறை ஒன்றைக் கொடுத்தனர். ஒவ்வொன்றும் தன் பங்கு வேலையைச் செய்ததும் அடுத்ததற்கு வழிவிட வேண்டும் என்றும் வகுத்தனர். இத்தளத்தின்மேல் இயங்கிய வாட்ஸ்அப் நிறுவனம், ஒரே பொறியில் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக 2012இல் அறிவித்தது. 2009இல் வெளிவந்த கோ மொழியும், 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21ஆம் பதிப்பின் மெய்நிகர் இழைகளும் காத்திருப்போரை மலிவாகத் தாங்கும் இந்நோக்கத்தையே வேறு வழிகளில் நிறைவேற்றுகின்றன.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு நொடியில் வருவோர் தொகையை, ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருப்போரின் சராசரித் தொகை கிடைக்கும். 1961இல் ஜான் லிட்டில் என்னும் அறிஞர் மெய்ப்பித்த விதி இது. நொடிக்கு 5,000 வேண்டுகோள்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடிகின்றது எனக் கொள்வோம். அவ்வாறாயின் உள்ளே இருப்பவை 1,000. தரவுத்தளம் தளர்ந்து விடைக்கு 4 நொடி ஆகுமாயின் அத்தொகை 20,000 ஆகிவிடும். வந்தவர் எவரும் மிகவில்லை, வெளியேறுவதே தாமதமாயிற்று. இணைப்புக்கு ஓர் இழை, இழைக்கு 1 மெகாபைட்டு என ஒதுக்கும் தளத்தில் இதற்கு மட்டும் 20,000 மெகாபைட்டு ஒதுக்க வேண்டியதாகும். பெரும்பாலான சேவையகங்கள் வீழ்வது இவ்விடத்திலேதான்.

சீட்டுக் கிடைக்காதவர் பொறுமை இழந்து மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகின்றார். அவரது முதல் வேண்டுகோள் பின்னால் இன்னும் நடந்துகொண்டே இருக்கக்கூடும். ஒருவர் ஐவர் ஆகின்றார். கூட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கின்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பரிமாறுவோரை எத்துணை கூட்டினாலும் அடுப்பில் சோறு வேகாதவரை பந்தி நகராது. ஒரு வண்டியின் ஓர் இடத்தை இருவருக்குக் கொடுத்தல் இயலாது. ஆகையால் அவ்விடத்திற்குப் போட்டியிடும் வேண்டுகோள்களை ஒன்றன்பின் ஒன்றாகவே தீர்க்க வேண்டும். எந்த மொழியும் எந்தத் தளமும் இதனை மாற்றவல்லன அல்ல. முன்னிற்கும் சேவையகங்களைப் பத்து மடங்கு ஆக்குவது, ஆயத்தமில்லாத அடுக்களையின்மேல் பத்து மடங்கு நெருக்கடியைத் தள்ளுவதாகவே முடியும்.

நமது இரயில்வேயின் அனுபவம் இதற்குச் சான்று. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்து என்னும் ஐந்து மையங்களின் கணினிப் பதிவேடுகள் தொண்ணூறுகளின் இறுதியில் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்டில் இணையவழிப் பதிவு தொடங்கிற்று. பயணியை எதிர்கொள்ளும் இணையதளம் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தைச் சார்ந்தது, இடக்கணக்கோ, கிரிஸ் என்னும் இரயில்வே தகவல் மையம் நடத்தும் பதிவு முறையில் இருக்கின்றது. 2014 ஏப்ரலில் இணையதளம் புதுப்பிக்கப்பட்டபோது, நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்றிருந்த திறன் 7,200 என உயர்ந்தது. அடிக்கடி வேண்டப்படும் செய்திகளை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் தேடாமல், பல பொறிகளின் நினைவகத்தில் பரப்பி வைத்த முறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வண்டி எண், நேரம், கட்டணம் ஆகியவை நொடிக்கு நொடி மாறுவன அல்ல. அவற்றை முன்வாசலிலேயே வைத்துக் கொடுத்துவிட்டால், இடம் ஒதுக்கும் வேலை ஒன்றுக்கு மட்டும் உள்ளே செல்லலாம்.

2025 மே 22ஆம் நாள் ஒரு நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின என இரயில்வே அமைச்சகம் அறிவித்தது. அவ்வேகம் நாள் முழுதும் நீடித்திருக்குமாயின் தொகை நான்கரைக் கோடியைத் தாண்டியிருக்கும். நாள்தோறும் இரயிலில் செல்வோர் அனைவரையும் கூட்டினாலும் அத்தொகை வராது. சராசரியைக் கொண்டு தளத்தை அளப்பது தவறு என்பது இதனால் விளங்கும். உச்ச நிமிடத்தையே கருதி அளத்தல் வேண்டும்.

வாயிலை வைக்கும் இடமும் கருதத்தக்கது. 2013 அக்டோபர் 1ஆம் நாள் அமெரிக்க அரசு தன் நலக்காப்பீட்டு இணையதளத்தைத் திறந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர் அறுவர் மட்டுமே என்று பின்னர் வெளியான அரசு ஆவணங்கள் காட்டின. திட்டங்களைப் பார்வையிட வந்தவரும் முதலில் கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என அமைத்திருந்தமை முக்கியக் காரணங்களுள் ஒன்று. வேடிக்கை பார்க்க வந்தவரும் வாங்க வந்தவரும் ஒரே குறுகிய வாயிலில் நெருக்குண்டனர். வேறு மொழியில் எழுதியிருந்தாலும் அவ்வாயில் அகன்றிராது.

மேலும், கூட்டமெல்லாம் மக்கள் கூட்டம் அன்று. தத்கால் தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்பவற்றுள் பாதி வரையும் தானியங்கி நிரல்களே என்று அமைச்சகம் 2025 ஜூனில் தெரிவித்தது. மனித விரல் ஒருமுறை அழுத்துவதற்குள் நிரல் பன்முறை அழுத்திவிடும். இதனைத் தடுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால் அவ்வேகத்தின் பயன் தரகருக்கே சேரும். 2025 ஜூலை முதல் தத்கால் பதிவுக்கு ஆதார் உறுதிப்பாடு கட்டாயமாக்கப்பட்டதும், முதல் அரைமணி நேரம் முகவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டதும் இதனை உணர்ந்தே. ஆகவே சேவையகத் தேர்வு விரைவைப் பற்றியது மட்டும் அன்று. நீதியைப் பற்றியதும் ஆகும்.

இனி, தேர்ந்தெடுப்போர் மனத்திற் கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, வேலையின் இயல்பை அறிதல். காத்திருப்பே மிகுதியாயின் எஞ்சின்-எக்ஸ், நோட், எர்லாங், கோ ஆகியவற்றின் நெறி ஏற்றது. கணக்கீடு மிகுதியாயின் அதனைத் தனிப் பொறிகளுக்கு ஒதுக்குக.

இரண்டாவது, சேவையகம் தன்னிடத்தில் பயணியைப் பற்றிய நினைவு எதனையும் வைத்துக்கொள்ளாதிருத்தல். அவ்வாறாயின் இன்று ஐந்து பொறிகளையும் திருவிழா நாளில் ஐம்பது பொறிகளையும் நிறுத்தலாம். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தொடரும்.

மூன்றாவது, உள்ளே விடுவோர் தொகைக்கு வரம்பு விதித்தல். தரவுத்தளம் தாங்கும் அளவுக்கு மேல் வருவோரை வாயிலிலேயே வரிசைப்படுத்தி, அவர்தம் இடத்தை அறிவித்தல் வேண்டும்.

நான்காவது, வெற்றுப் போட்டிகளைக் கண்டு மயங்காமை. ஒரே வாழ்த்துச் சொல்லைத் திருப்பி அனுப்பும் சோதனையில் முதலிடம் பெற்ற தளம், தரவுத்தளத்துடன் சேர்ந்து உழைக்கும்போது முதலிடம் பெறும் என்பதற்கு உறுதி இல்லை. வெறும் வாளியுடன் ஓடுவதில் வல்லவர் பரிமாறுவதிலும் வல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் தளத்தின் உண்மையான வேலையைக் கொண்டே, பொய்க் கூட்டம் ஒன்றை உண்டாக்கிச் சோதித்தல் வேண்டும். அச்சோதனையின் நடுவே ஒரு பொறியை நிறுத்தியும், தரவுத்தளத்தைத் தளரச் செய்தும் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, நம்மிடம் உள்ள கைகளை எண்ணுதல். நள்ளிரவில் பழுது நேர்ந்தால் அதனைக் கண்டு திருத்தவல்லவர் நம்மிடம் உள்ள தளமே நமக்குச் சிறந்தது. தொடக்கத்திலேயே மிகப் பெரியதைத் தேட வேண்டுவதும் இல்லை. டுவிட்டர் நிறுவனம் ரூபி மொழித் தளத்தில் தொடங்கி, கூட்டம் மிக்கபின் ஜாவா இயங்குதளத்திற்குத் தன் பணிகளைப் படிப்படியாக மாற்றிக்கொண்டது. 2013 ஆகஸ்டு 2ஆம் நாள், ஜப்பானில் ஒரு திரைப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, நொடிக்கு 1,43,199 செய்திகள் வந்தன. மாறிய தளம் அவற்றைத் தாங்கிற்று.

மும்பையில் கொத்து வேலை செய்யும் ஒருவர் தம் ஒருநாள் கூலியை இழந்து, கைபேசியின் முன் அமர்ந்து, ஊர் செல்லும் சீட்டுக்காகக் காத்திருக்கின்றார். இடம் இல்லை எனின், ‘இல்லை’ என்னும் விடை அவருக்கு உடனே கிடைத்தல் வேண்டும். கிடைத்தால் அவர் பேருந்து நிலையத்திற்காவது செல்வார். பணம் கழிந்ததா, சீட்டு உண்டா என்பது தெரியாமல் அரை நாள் அலைக்கழிவதே அவருக்குப் பெருந்துன்பம். இத்தகைய தளங்களைக் கட்டும் தமிழ்ப் பொறியாளர்கள், எத்தளத்தைத் தேர்ந்தாலும், கூட்டம் மிகுந்த நிமிடத்தில் அத்தளம் அவருக்கு என்ன விடை சொல்லும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்வார்களாக. ஏனைய அளவுகளையெல்லாம் அதன்பின் வகுத்துக்கொள்ளலாம்.