முதல் 28 நாட்கள்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரியில் படித்த கருவியலில் ஆர்வம் மட்டும் இன்றும் குறையவில்லை.

நம் வீடுகளில் ஒரு பெண் உண்டாகியிருப்பது தெரிந்தால், 'மூன்று மாதம் போகட்டும், பிறகு வெளியில் சொல்லலாம்' என்போம். சீமந்தம் ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ நடக்கும். நம் கவனிப்பு மும்முரமாவது அதை ஒட்டித்தான். ஆனால் சிசுவின் அஸ்திவார வேலை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது.

கருமுட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கே உண்டாகும் ஒற்றை செல், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அது இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரிந்துகொண்டே நகர்ந்து, ஆறேழு நாட்களில் கர்ப்பப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் மூன்று அடுக்குகள் உருவாகின்றன. மேல் அடுக்கு தோலும் நரம்பு மண்டலமும் ஆகிறது. நடு அடுக்கு எலும்பு, தசை, இதயம் ஆகிறது. உள் அடுக்கிலிருந்து குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்பூச்சு வருகிறது. சுமார் 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாவது வார முடிவில் சிசுவின் நீளம் 3 செ.மீ. தான்; ஆனால் முக்கிய உறுப்புகள் எல்லாம் உருவாகத் தொடங்கியிருக்கும்.

இதில் ஒரு கட்டத்தை மட்டும் நினைவில் வையுங்கள். மேல் அடுக்கின் நடுவே ஒரு பள்ளம் விழுந்து, இரு கரைகளும் உயர்ந்து சேர்ந்து, குழாயாக மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் இந்தக் குழாயிலிருந்துதான் வருகின்றன. தலைப்பக்கம் சுமார் 25ஆம் நாளிலும், கீழ்ப்பக்கம் 28ஆம் நாளிலும் மூட வேண்டும். தலைப்பக்கம் மூடாத சிசு பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் கால்கள் செயலிழக்கலாம். ஆயுள் முழுவதும் கஷ்டம்.

கரு உண்டாகி 28 நாள் என்றால், மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்கள் அதற்குள் டாக்டரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஏற்கெனவே இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு, அதே குறை மீண்டும் வரும் அபாயம் 72 சதவீதம் குறைந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்தே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விலை மிக மலிவு. கீரையும் பயறும் நல்லதுதான். ஆனால் அவை மாத்திரைக்கு ஈடாகா. முன்பு இப்படிக் குழந்தை பிறந்தவர்களும், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்களும் தங்களுக்கு உரிய அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். நாம் சைவ உணவுக்காரர்கள் என்பதால் வைட்டமின் பி12 பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.

மாமியார், மாமனார்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிதாகக் கல்யாணமான மாட்டுப்பெண் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால், 'உனக்கு என்ன வியாதி?' என்று கேட்காதீர்கள். வெளியூரில் இருக்கும் பெண்ணிடமும் பிள்ளையிடமும் தொலைபேசியில் 'விசேஷம் உண்டா?' என்று விசாரிப்பதை விட, இந்த மாத்திரையைப் பற்றி ஒரு தடவை சொல்லுங்கள். சீமந்தத்துக்கு நாள் பார்க்கும்போது சொன்னால் பயனில்லை.