அம்மையும் அக்கியும்: பேசாதிருக்கும் நச்சுயிர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி வைரஸ் என்னும் நச்சுயிரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உவமையில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டிற்குப் பின் தமிழில் எழுந்த கவிதைகள் பலவற்றில் நச்சுயிர் படையெடுத்து வரும் பகைவனாகவும் ஊரை வளைக்கும் அரக்கனாகவுமே வருகின்றது. அவ்வுவமை முழுப் பொய்யன்று, பாதி மெய். நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு மிகப் பழக்கமான நச்சுயிர் ஒன்று, போரிட்டு அன்று, வாய் திறவாதிருந்தே மனித உடலில் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழ்ந்துவிடுகிறது. அதனைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன்.

முல்லைப் பெரியாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் நடைபெறும் திருவிழாவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவோருள் அம்மை கண்டு நலம் பெற்றோர் பலர். வேனிலில் வரும் இந்நோயை நோய் என்று சொல்லவே நம் மக்கள் கூசுவர். ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்பர். கொப்புளத்தை ‘முத்து’ என்பர். வாசலில் வேப்பிலை செருகுவர். முத்து இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவர்.

அக்கி என்பது வேறு. அது பெரும்பாலும் முதுமையில் வருவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், கச்சை கட்டியதுபோல் ஒரு பட்டையாக எரிந்து கொப்புளிப்பது. அக்கினி என்னும் சொல்லின் திரிபாகவே இதன் பெயரைக் கொள்வர். பட்டவர்க்கு அதற்கு அகராதி தேவையில்லை. இதற்கு மண்பாண்டம் வனையும் வேளாரிடம் சென்று காவி குழைத்து எழுதிக்கொள்வது வழக்கம். அம்மைக்கு வார்த்தல், அக்கிக்கு எழுதுதல் என்று வினைச்சொல்லைக்கூட நம் மொழி பிரித்தே வைத்தது. ஆயிரங்கண் பானையை வனைந்த கையே அக்கியையும் எழுதியது. ஆயினும் சிறுவயதுச் சின்னம்மையும் முதுமையின் அக்கியும் ஒரே நச்சுயிரின் இரு தோற்றங்கள் என்பதை இரண்டு பெயர்களும் நமக்குச் சொல்லவில்லை.

மேலைநாட்டு மருத்துவர்க்கும் அது எளிதில் விளங்கவில்லை. அக்கி கண்ட பெரியவர் இருந்த வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 1892இல் அங்கேரி நாட்டு மருத்துவர் போக்கை கவனித்தார். இரண்டிற்கும் உரிய நச்சுயிர் ஒன்றே என்பதை 1950களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் நிறுவினார். இடையில் அந்நச்சுயிர் எங்கே போயிற்று என்னும் வினாவிற்கு வழி காட்டியவரோ பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் சிற்றூர் மருத்துவரான ஹோப் சிம்சன். ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த யெல் என்னும் சிறு தீவின் மக்களிடையே இந்நோயின் போக்கை ஆராய்ந்தவர் அவர். அம்மை இறங்கியபின் நச்சுயிர் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, உடலின் காவல் தளரும் காலத்தில் அக்கியாக வெளிப்படுகிறது என்று 1965இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்தன.

ஒடுங்கிக் கிடப்பதை உடலின் காவல் ஏன் கண்டுகொள்ளவில்லை? இங்கேதான் புரதத்தின் கதை தொடங்குகிறது.

உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சமையற்கட்டு. மரபணுவின் செய்தியை ஆர்.என்.ஏ. கொண்டுவர, ரைபோசோம் என்னும் அடுப்பில் புரதம் ஆக்கப்படுகிறது. பந்தி முடிந்த வீட்டின் வாசலில் கிடக்கும் எச்சில் இலையைப் பார்த்தே உள்ளே என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? உயிரணுவும் தான் ஆக்கிய புரதங்களின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. சுற்றிவரும் வெள்ளணுக்கள் அந்த இலைகளை நோக்குகின்றன. அயல் பண்டம் தென்பட்டால் அவ்வுயிரணுவையே அழிக்கின்றன. ஆகவே நச்சுயிருக்குப் புரதம் ஆக்குவதும் வேண்டும், ஆக்கியது தெரியாமலிருப்பதும் வேண்டும். அதன் இக்கட்டு இதுதான்.

பெருகும் காலத்தில் சின்னம்மை நச்சுயிர் இலையை வெளியே போடவிடாமல் தடுக்கிறது. 66 என்று எண்ணிடப்பட்ட அதன் மரபணு தரும் புரதம், துணுக்குகளை ஏந்திச் செல்லும் மூலக்கூறுகளை உயிரணுவின் உள்ளேயே நிறுத்திவைக்கிறது. உயிரணுவும் ஏமாளி அன்று. அயலான் புகுந்ததை உணர்ந்தால் அது தன் அடுப்பையே அணைத்துவிடும்; தானும் பட்டினி, வந்தவனும் பட்டினி. அந்த அணைப்பைத் தளர்த்துவது 63ஆம் மரபணுவின் புரதம். பெயரால் மட்டுமே உறவுடைய பெரியம்மை வேறு குடும்பத்தது. அக்குடும்பத்து நச்சுயிர்கள் இதையே வேறு வழியில் செய்கின்றன: அடுப்பின் ஓர் உறுப்பைப் போலவே தோன்றும் போலிப் புரதம் ஒன்றை ஆக்கி நீட்டுகின்றன, அணைக்க வந்த கை போலியைப் பற்றிக்கொள்கிறது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பெரியம்மைக்கு ஒடுங்கத் தெரியாது. வந்தால் வெளிப்பட்டே தீரும். கொல்லும், அல்லது நீங்கும். ஆகையால்தான் நோயுற்றோரைத் தேடிக் கண்டு, சுற்றியிருந்தோர்க்கு அம்மை குத்தி, 1975இல் இந்தியாவிலிருந்தும் 1977இல் உலகிலிருந்தும் அதனை ஒழிக்க முடிந்தது. சின்னம்மையை அவ்வாறு தேடிப் பிடிக்க இயலாது. அது நம்மில் பெரும்பாலோரின் முதுகுத்தண்டோரத்து நரம்பு முடிச்சுகளில் இந்நொடியில் இருக்கிறது.

அங்கே அது செய்வது மறைத்தலன்று, ஆக்காதிருத்தல். ஏறத்தாழ எழுபது மரபணுக்களுள் அனைத்தையும் அடக்கி வைத்துவிட்டு, ஓரிரண்டு ஆர்.என்.ஏ. செய்திகளை மட்டும் வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்று 2018இல் கண்டறியப்பட்டது. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் 61ஆம் மரபணு எந்த இழையில் எழுதப்பட்டிருக்கிறதோ, அதற்கு எதிரிழையிலிருந்து பிறப்பது. அந்த மரபணுவின் வாயை அடைப்பது. அடுப்பு எரியவில்லை, இலை விழவில்லை, காவலுக்குக் காண ஒன்றுமில்லை. இதனை உறக்கம் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அச்சொல் எனக்கு உடன்பாடன்று. உறங்குபவன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருப்பதில்லை. விழித்திருந்து காக்கும் மௌன நோன்பு என்பதே பொருந்தும். கவிஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய உவமை, அரக்கனைவிட அச்சம் தருவது, இங்கே கிடக்கிறது.

அசைக்ளோவிர் என்னும் மருந்தும் இந்த மௌனத்தின் முன் தோற்றுவிடுகிறது. 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து அது. நச்சுயிர் ஆக்கும் நொதி ஒன்று தீண்டினால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். பேசும் நச்சுயிரையே பிடிக்கும், பேசாததைத் தொடாது. நரம்பில் ஒடுங்கியதை வெளியேற்றும் மருந்து இன்றுவரை இல்லை. 2023இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த அக்கித் தடுப்பூசி நச்சுயிரின் ஒரே ஒரு புரதத்தை முன்கூட்டியே உடலுக்குக் காட்டிவைக்கிறது. என்றேனும் அது வாய் திறந்தால் காவல் விரைந்து பிடித்துக்கொள்ளும். விலைதான் தோட்டக்கூலி பெறும் கைக்கு எட்டுவதன்று.

எனவே காலம் பெரிதாகிறது. அக்கி வெடித்த மூன்று நாளைக்குள் மருந்து தொடங்கினால் பயன் மிகுதி. அந்த மூன்று நாளும்தான் நம் ஊர்களில் பெரும்பாலும் காவிக்குப் போய்விடுகின்றன. எழுதும் வேளாரை நான் பழிக்கவில்லை. குளிர்ந்த காவி எரிச்சலை ஆற்றுவதும், ஒருவர் அமர்ந்து தொட்டு எழுதுவதன் ஆறுதலும் உண்மையே. ஆனால் காவி நரம்பை எட்டாது.

பார்வையிழந்த வீரபாண்டிய மன்னன் கௌமாரியையும் கண்ணீசுவரரையும் வழிபட்டுக் கண்ணொளி பெற்றான் என்பது வீரபாண்டித் தலவரலாறு. அம்மையின் தலத்தில் கண்ணின் கதை வழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெற்றியில் வரும் அக்கியே நினைவுக்கு வரும். நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் செல்லும் நரம்பு ஒரே கிளையைச் சேர்ந்தது. நெற்றியில் அக்கி கண்டு மூக்கின் நுனியிலும் கொப்புளம் தோன்றினால் அடுத்தது கண்ணாக இருக்கலாம், பார்வையே போகலாம். அப்படி யாரையேனும் உங்கள் தெருவில் கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காவி மறுநாள் எழுதிக்கொள்ளட்டும், கண்ணை விட்டுத் தள்ளி.