ஊசி குத்தும் முன் 30 வினாடி

காய்ச்சல் தணியாத நோயாளியின் ரத்தத்தில் கிருமி புகுந்திருக்கிறதா என்று அறிய, மருத்துவர்கள் 'பிளட் கல்ச்சர்' பரிசோதனை எழுதித் தருகிறார்கள். ஊட்டத் திரவம் உள்ள பாட்டிலில் ரத்தத்தைச் செலுத்தி, வழக்கமாக 5 நாள் வரை உடல்சூட்டில் வைத்துக் கவனிப்பார்கள். உள்ளே சில கிருமிகள் இருந்தாலே போதும், பெருகிவிடும்.

சிக்கலும் அங்கேதான். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. ஊசியோடு அது உள்ளே போய்விட்டால், இல்லாத நோய்த்தொற்று இருப்பதுபோல் முடிவு வரும். தேவையில்லாத வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, கூடுதல் நாள் ஆஸ்பத்திரி வாசம், வீட்டாருக்குக் கலக்கம்!

இதைத் தவிர்க்க, ஊசி குத்தும் இடத்தை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் 30 வினாடி அழுத்தித் தேய்த்து, தானாக உலர விட வேண்டும். ஊதவோ விசிறவோ கூடாது. பொவிடோன் அயோடின் என்றால் ஒன்றரை முதல் 2 நிமிடம் ஆகும். அவசரத்தில் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான். துடைத்த இடத்தில் ரத்தக்குழாயைத் தேடி மறுபடி வெறும் விரல் வைத்தால் அத்தனையும் வீண். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைத்தே ஆக வேண்டும்.

மயிர்க்கால்களின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் கிருமிகளை மருந்து முழுதாக எட்டுவதில்லை. ஊசி குத்தும்போது அவை முதல் ரத்தத்தோடு கலந்துவிடலாம். அதனால்தான் ரத்த தானத்தில், முதலில் வரும் சுமார் 30 மில்லியைத் தனிச் சிறுபையில் பிரிக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. அந்த ரத்தம் பரிசோதனைக்குப் பயன்படுகிறது.