ஒரு பவுன் கண்ணாடி மணி

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கொழும்பில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ மார்பகப் பரிசோதனை பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவை முக்கியமானவை, அவற்றுக்கு வேறு மேடைகள் உண்டு. நாங்கள் இன்று எங்கள் சனிக்கிழமை மணி வகுப்பைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். "நாங்கள்" என்பது மரியாதைப் பன்மை அல்ல. வகுப்பிலுள்ள எட்டுப் பேரும் சேர்ந்து எழுதி, வெட்டிக் கொத்தித் திருத்திய உரை இது. வாசிப்பதற்கு மட்டும் ஒருவர்.

எட்டுப் பேரும் நம் கல்லூரியின் பிள்ளைகள்தான். வயது 42 முதல் 49 வரை. மூவர் வைத்தியர்கள், இருவர் வங்கியில், ஒருவர் ஆசிரியை, ஒருவர் கணக்காளர், ஒருவர் வீட்டைப் பார்க்கிறார். எல்லோரிலும் அவருக்குத்தான் நேரம் இல்லை. சனி பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளவத்தையில் ஒருவரின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருப்போம். மேசையில் பழைய வெல்வெட் துணி விரித்திருக்கும், மணி உருளாமல் இருக்க. சொல்லித் தருபவர் எங்களைவிட 20 வயது இளையவர். நகை கோர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். முதல் நாள் எங்களை "மடம்" என்றார். மூன்றாம் கிழமை "அக்கா" ஆகிவிட்டோம்.

அவர் முதலில் கற்றுத் தந்தது ஒரு சின்ன வளையத்தைத் திறப்பது. கொளுக்கியையும் மாலையையும் இணைக்கும் ஜம்ப் றிங். இரண்டு குறடுகளால் பிடித்து, இரு முனைகளையும் பக்கவாட்டாக இழுத்து அகட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படிச் செய்தால் வட்டம் கெட்டுவிடும்; பிறகு எத்தனை முறை நெரித்தாலும் முனைகள் பொருந்தாது, மாலை கழன்று விழும். "இழுக்காதேங்கோ அக்கா, திருப்புங்கோ" என்பார். ஒரு முனையை உங்களை நோக்கி, மற்றதை அப்பால், கதவு திறப்பதுபோல. மூடும்போதும் அதே வழி. அன்று ஒரு மணித்தியாலம் முழுக்க இதைத்தான் செய்தோம்.

மணிகளுக்கு இலக்கம் உண்டு. 8 பெரியது, 11 சின்னது, 15 அதனிலும் சின்னது. இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும். வைத்தியர்களுக்கு இது பழகிய கணக்கு. ஊசி மருந்தில் 21 ஐவிட 23 மெல்லிய ஊசி. நாங்கள் கூடுதலாகப் பாவிக்கும் 11 ஆம் இலக்க மணி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். ஒரு கிராமில் நூறு மணியளவில் வரும். அப்படியென்றால் எட்டுக் கிராமில், அதாவது ஒரு பவுன் நிறையில், எண்ணூறு மணி என்று வங்கிக்காரி கணக்குச் சொன்னார். அன்றிலிருந்து வகுப்பில் மணியைப் பவுனில்தான் அளக்கிறோம்.

எண்ணூறு மணியைக் கோர்க்க வேண்டுமானால் முதலில் ஊசியின் காது தெரிய வேண்டும். நாற்பது கடந்தால் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து கிட்டப் பார்வை மங்கும். வெள்ளெழுத்து என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். வகுப்பு தொடங்கியபோது எட்டுப் பேரில் கண்ணாடி போட்டவர் இருவர். இப்போது ஏழு பேர். எட்டாமவர் கையை நீட்டி நீட்டியே சமாளிக்கிறார். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டோம். வாசிக்க உதவும் கண்ணாடியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். தலையிடிக்கு மாத்திரை போடுவதற்கு முன் ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்.

எங்களில் ஒருவர் சத்திரசிகிச்சை நிபுணர். நூலை முடிப்பதற்கு ஆசிரியை காட்டிய முடிச்சைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். முதற் சுற்றில் நூலை இரு தடவை சுற்றுவது. அந்த உராய்வு பிடித்துக்கொள்ளும், அடுத்த சுற்றுப் போடும்வரை இளகாது. அவர் நாள்தோறும் சத்திரசிகிச்சைக்கூடத்தில் போடுவது அதைத்தான். மணி கோர்ப்பவர்களும் அதைச் சத்திரசிகிச்சையாளர் முடிச்சு என்றே அழைக்கிறார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் ஆசிரியை அவரைச் சொல்லித் தரவிட்டார்.

காதைப் பற்றி வைத்தியர்களாக ஒன்று சொல்ல வேண்டும். "கவரிங் போட்டால் காது புண்ணாகுது" என்று சொல்லாத குடும்பம் இல்லை. பெரும்பாலும் குற்றவாளி நிக்கல். மேற்பூச்சுத் தேய்ந்ததும் உள்ளேயிருக்கும் நிக்கல் வியர்வையில் கரைந்து தோலில் படுகிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரும். அடுத்த முறை மணிக்கூட்டுப் பட்டியும் ஜீன்ஸ் பொத்தானும்கூடக் கடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் துளையிட்ட காதில் போடும் நகையிலிருந்து நிக்கல் எவ்வளவு கசியலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை வைத்திருக்கிறது. இங்கே கடைக்காரர் சொல்லும் "நிக்கல் இல்லை" என்ற சொல்லைத்தான் நாங்கள் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் தோட்டின் கம்பிக்கு மட்டும் காசு பார்ப்பதில்லை. டைட்டேனியம் அல்லது நல்ல வெள்ளி. மணி மலிவாக இருக்கலாம், காதுக்குள் போவது மலிவாக இருக்கக்கூடாது.

நாங்கள் வாங்கும் நல்ல மணிகள் யப்பானிலிருந்தும் செக் குடியரசிலிருந்தும் வருபவை. ஒரு காலத்தில் நிலைமை வேறு. மன்னாரில் மாந்தைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைத்தன. யுத்தம் வந்து வேலை நின்றுபோனது. கந்தரோடையிலும் மணிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. நம் கல்லூரியில் சரித்திரம் படித்த காலத்தில் இதை ஒரு வரியாகப் பாடமாக்கினோம். மணி கோர்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரிக்குள் விரல்கள் இருந்தது விளங்கியது. இரண்டு மில்லிமீற்றர் மணிக்குத் துளை வைத்தவர் கண்ணாடி போட்டிருக்கவில்லையே!

இனித் தங்கம். எங்கள் வயதுக்காரிகளுக்கு நகை என்றால் தங்கம், தங்கம் என்றால் காப்புறுதி. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மாமார் இடுப்பில் முடிந்துகொண்டு நடந்தது அதைத்தான். பிறகு அது ஒவ்வொன்றாக அடைவுக்குப் போனது. ஒரு சோடிக் காப்பு அண்ணாவின் ஏஜென்சிக் காசு, பதக்கம் சங்கிலி எங்கள் பல்கலைக்கழகச் செலவு. அந்தக் கடனை எவரும் கணக்கில் எழுதவில்லை. ஆகவே நகையை விளையாட்டாக எண்ண எங்களுக்குத் தெரியாது. முதன்முதலாகச் செய்த கண்ணாடி மாலையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது ஒருவரின் அம்மா அதைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனால் ஒரு ஆபத்துக்கு உதவாதே பிள்ளை" என்றார். உண்மைதான், உதவாது.

உதவாத அந்த மாலை செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். உரியவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். எங்களில் ஒருவரின் கணவர் ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். அன்றிலிருந்து அவர் கழுத்தில் எதுவும் இல்லை. கல்யாண வீடுகளில் மெல்லிய சங்கிலியுடன் நின்றால்கூடக் கண்கள் கழுத்துக்குப் போய்த் திரும்பும் என்பார். வகுப்பிலும் ஆறு மாதம் கைச்சங்கிலியும் திறப்புக்கோர்வையும்தான் செய்தார், எல்லாம் மகளுக்கு. மாலைப் பாடம் வந்தபோது நீளத்தைத் தன் கழுத்தில்தான் அளக்க வேண்டும் என்றார் ஆசிரியை. பதினாறு அங்குலமா பதினெட்டா என்பது ஆளுக்கு ஆள் மாறும். இவர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நாங்கள் ஒருவரும் எதுவும் கதைக்கவில்லை. பிறகு அளந்தார். நீலமும் பச்சையும் எடுத்தார்.

பெறாமகளின் கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். மண்டபத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா கூப்பிட்டு, "என்ன பிள்ளை இது கழுத்தில?" என்று கேட்டாராம். "நான் செய்தது" என்று பதில். பெரியம்மா மாலையைத் தொட்டு, மணிகளை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்டு செய்து தருவியோ?" என்றார். அவரும் முப்பது வருடமாக வெறுங்கழுத்துடன் இருப்பவர். தாலியும் இல்லை, தங்கமும் இல்லை, ஊர் வழக்கத்தில் இதற்கென்று ஒரு விதியும் இல்லை. அதனால் இருவருக்கும் வழி கிடைத்தது. பெரியம்மாவுக்கு 8 ஆம் இலக்க மணியில் செய்தோம், அவரே எண்ணிப் பார்க்கட்டும் என்று.

இதற்கு மேல் வைத்தியச் சான்றிதழ் கேட்காதீர்கள். மணி கோர்த்தால் இரத்த அழுத்தம் குறையுமா, மறதி நோய் வராதா என்று கேட்கிறார்கள். அப்படி எழுதித்தர மாட்டோம். எங்களுக்குத் தெரிந்தது, இரண்டு கையும் வேலையாக இருப்பதால் இரண்டு மணித்தியாலம் போனைத் தொட முடியாது என்பது மட்டும்தான்.

இந்த மண்டபத்தில் சிலருக்கு எங்கள்மேல் மனக்குறை உண்டு என்பது தெரியும். நூற்றாண்டுச் சந்தைக்கு 200 சோடித் தோடு செய்து தரும்படி விழாக் குழுவினர் அன்போடு கேட்டார்கள். நாங்கள் மறுத்தோம். "கைவேலை தெரிந்தும் கல்லூரிக்குச் செய்யவில்லையாம்" என்ற கதை எங்கள் காதுக்கும் வந்தது. ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு சோடித் தோட்டுக்கு எங்கள் வேகத்தில் நாலு மணித்தியாலம். 200 சோடிக்கு 800 மணித்தியாலம். அது சின்னக் காரணம். ஒரு மாதம் செய்தும் பார்த்தோம்; 22 சோடி முடித்தோம். எல்லாம் சிவப்பும் பொன்நிறமும், விற்கும் நிறங்கள் என்று. மேசையில் கதை நின்றுவிட்டது. ஒருவர் மற்றவரின் வேலையை எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை எங்களை எண்ணியது போதும் என்று தோன்றியது.

பெரிய காரணம் இதுதான். நாங்கள் சம்பளம் எடுப்பவர்கள். மணிக்கும் நூலுக்கும் ஆன காசை மட்டும் விலையாகப் போட்டு, "கல்லூரிக்காகத்தானே" என்று 300 ரூபாவுக்கு ஒரு சோடி விற்போம். வாங்கியவர் அடுத்த நாள் வேறொரு பெண்ணிடம் போய், "அங்கே 300 தானே, நீர் ஏன் 900 கேட்கிறீர்?" என்பார். அந்தப் பெண்ணுக்கு அது வீட்டு அரிசி. யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் எத்தனையோ பெண்கள் இப்படிக் கைவேலையில்தான் பிள்ளை படிப்பிக்கிறார்கள். எங்கள் ஆசிரியையும் அப்படி ஒரு தாயின் மகள். அவருடைய விலையை அவரிடமே படித்துவிட்டு நாங்கள் உடைக்க முடியாது. விழாக் குழுவிடம் இதைச் சொல்லி, தோடுகளைத் தொழிலாகச் செய்பவர்களிடம் அவர்கள் கேட்கும் விலைக்கு வாங்குங்கள், அந்தக் காசை எட்டுப் பேரும் பகிர்ந்து தருகிறோம் என்றோம். குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே மேசையில் இருப்பவை அவர்கள் செய்தவை. பேரம் பேசாமல் வாங்குங்கள். அந்த 22 சோடியையும் நாங்களே போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

இன்னுமொன்று. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு கிழமை கல்லூரிக்கு வந்து, ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு மணி வகுப்பு நடத்த அதிபர் அனுமதி தந்திருக்கிறார். போட்டி இல்லை, புள்ளி இல்லை. "சான்றிதழாவது குடுப்பீங்களோ?" என்று அதிபர் கேட்டார். இல்லை என்றோம். "அப்ப எத்தனை பெற்றோர் அனுப்புவினம் எண்டு பாப்பம்" என்று சிரித்தார். ஆறு பிள்ளைகள் வந்தாலும் நடத்துவோம். ஆசிரியைக்கு உரிய சம்பளத்தை நாங்கள் கொடுக்கிறோம்.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் அந்தக் கிழமையில் ஊருக்கு வரும் பழைய மாணவிகள் வகுப்பில் வந்து இருக்கலாம், முன்னனுபவம் தேவையில்லை. வரும்போது சொக்லேற் வேண்டாம். 10 ஆம் இலக்க மணி ஊசிகள் இரண்டு பக்கற் கொண்டுவாருங்கள், இங்கே நல்லது கிடைப்பது கஷ்டம். உங்கள் கண்ணாடியையும் மறக்காதீர்கள். எங்களுடையதை இரவல் தர மாட்டோம்.